திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தது என்ன?

விடுமுறை முடிந்து பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தச் சிறுவன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். காண்டோ கிராமத்தின் வழக்கம் அது. ஒவ்வொரு பெண்ணும் உடுத்திய துணியின் மடிப்பை அவிழ்த்து, மிச்சமிருக்கும் கடைசிக் காசை எடுத்து அவன் கையில் வைப்பாள். எல்லோரும் ஏன் தனக்கே கொடுக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டான். ‘எல்லாம் உன் படிப்புக்காகத்தான். நீ படித்துத் தேறி, ஒருநாள் திரும்பி வந்து ஊருக்கு ஏதாவது செய்வாய் என்று நம்பிக் கொடுக்கிறார்கள்’ என்ற பொருளில் பதில் வந்தது.

அந்தச் சிறுவன்தான் பிரான்சிஸ் கேரே. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவில், தலைநகர் வாகடூகுவிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளியிருக்கும் காண்டோவில் 1965-ல் பிறந்தவர். ஊர்த்தலைவரின் மகன். ஆனால் ஊரில் அன்று பள்ளிக்கூடமே கிடையாது. ஏழு வயதில் டென்கோடோகோ நகரத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே நூறு பிள்ளைகளுக்கு மேல் அடைத்த சிமென்ட் வகுப்பறை, வெயிலில் அடுப்பாகக் கொதித்தது. 1985-ல் தச்சு வேலை பயில உதவித்தொகை கிடைத்து ஜெர்மனி போனார். பகலில் பயிற்சி, இரவில் பள்ளி, அதன் பிறகு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை. 2022-ல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

வெளிநாட்டில் படித்த கலைஞர் ஊர் திரும்பினார், உள்ளூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து வேலை செய்தார் என்ற செய்தி இன்று உலகம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது. படங்கள் கண்ணுக்கு நன்றாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. திரும்பி வந்தவர் எதைக் கொண்டுவந்தார்? அவர் போன பிறகு ஊரார் கையில் என்ன மிஞ்சியது? புர்க்கினா ஃபாசோ, மாலி, செனகல் ஆகிய மூன்று நாடுகளின் அனுபவம் இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில்களைத் தருகிறது. இங்கெல்லாம் சாதித்துக் காட்டியவர்கள், கைவினைஞரின் வேலை எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள். காண்டோவில் அந்த முட்டுக்கட்டை மழை. மாலியின் பமாகோவில் துணியின் கோலம். செனகலின் டாக்கரில் தறியின் அகலம்.

மண் சுவரைக் காத்த கூரை

படிக்கும்போதே ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தருவது என்று கேரே முடிவெடுத்தார். 1998-ல் அதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். காப்பிக்கும் சிகரெட்டுக்கும் ஆகும் காசைக் கொடுங்கள் என்று உடன் படித்தவர்களிடம் கேட்டார். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 டாலர் சேர்ந்தது. பணத்தோடு ஊருக்கு வந்து, பள்ளியை மண்ணால் கட்டப்போகிறேன் என்றார்.

ஊருக்குப் பிடிக்கவில்லை. மண் வீட்டின் கதி அவர்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் மழைக்காலம் சுவரைக் கரைத்துவிட்டுப் போகும். வறண்ட காலத்தில் திரும்பவும் மண் குழைத்துப் பூச வேண்டும். பணக்காரர் வீடு, அரசாங்கக் கட்டடம் எல்லாம் சிமென்ட். இத்தனை வருஷம் ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்து மண்ணைக் காட்டுகிறானே, அதற்கு நம்மோடு வயல் வேலையே பார்த்திருக்கலாமே என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. மண்ணோடு வாழ்ந்து பட்ட பாடு அவர்களுடையது.

கேரே விவாதம் செய்துகொண்டிருக்கவில்லை, செய்து காட்டினார். மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அச்சில் அழுத்தி எடுத்த சுடாத கல்லை நனைத்துக் காட்டினார். பிறகு மண் கல்லால் வளைவு ஒன்றைக் கட்டி, ஆட்களை மேலே ஏறிக் குதிக்கச் சொன்னார். வளைவு அசையவில்லை. படம் வரைந்து விளக்கியிருந்தால் எடுபட்டிருக்காது. கட்டட வரைபடம் படிக்கத் தெரிந்தவர் அந்த ஊரில் யாருமில்லை.

2001-ல் முடிந்த அந்தப் பள்ளியில் முக்கியமான சங்கதி கூரைதான். வகுப்பறைக்கு மேலே துளை விட்டு அடுக்கிய மண் கல் விதானம். அதைத் தொடாமல் மேலே தூக்கி நிறுத்திய தகரக் கூரை, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டு நிற்கிறது. மழை சுவரைத் தொடுவதில்லை. தகரம் காயும்போது, அதற்கும் விதானத்துக்கும் நடுவில் சூடான காற்று மேலேறி வெளியே போகிறது. அறைக்குள் இருக்கும் காற்று துளைகள் வழியாக மேலே இழுக்கப்படுகிறது. வெளியே 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், பள்ளி கட்டியபோது மின்சாரமே இல்லாத ஊரில், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க முடிகிறது.

அந்தத் தகரத்தைத் தாங்கும் சட்டத்தை நகரத்தில் செய்து லாரியில் கொண்டுவர வழியில்லை. பெரிய கிரேனும் கிடையாது. கான்கிரீட்டுக்குள் போடும் சாதாரணக் கம்பியைத்தான் கேரே தேர்ந்தெடுத்தார். கைரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும் போதும் என்றபடி வடிவமைத்தார். ஊர் இளைஞர்கள் கம்பியை அறுத்து, பற்றவைத்து, தாங்களே தூக்கி மாட்டினார்கள். வேலையாட்களிடம் இருக்கும் கருவியையும் திறமையையும் முதலில் பார்த்துவிட்டு அதன் பிறகு வரைவது என்ற இந்த வரிசையைத்தான் ஊர் திரும்பும் வடிவமைப்பாளர்கள் அவரிடம் கற்க வேண்டும்.

பெண்களின் பங்கு தரையில் இருக்கிறது. காண்டோவில் மண் தரை போடுவது பரம்பரை வித்தை. முதலில் இளைஞர்கள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் திமிசு போட்டு இறுக்குவார்கள். பிறகு அவர்களுடைய தாய்மார்கள் வருவார்கள். இடுப்பிலிருந்து குனிந்து, தண்ணீர் தெளித்து, தட்டுப் பலகையால் ஒரே தாளத்தில் தட்டுவார்கள். கடைசியில் மெருகு போடுபவர்கள் கல்லால் தேய்க்க உட்காருவார்கள். தரை கண்ணாடியாக வழவழக்கும்வரை கை ஓயாது. மெட்ராஸ் தளம் போட்ட வீடுகளைப் பார்த்த தலைமுறைக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாட்கணக்கில் தட்டிய மொட்டைமாடிகள் நம் பழைய தெருக்களில் இன்னும் இருக்கின்றன. அந்தத் தட்டும் கைகளுக்கு இங்கே வேலை நின்றுபோனது. காண்டோவில் அந்த வேலை பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறது.

நூலகத்துக்கு அவர் பானைகளைக் கேட்டார். ஊர்ப் பெண்கள் கையால் செய்த மண்பானைகள் தலைச்சுமையாக வந்து இறங்கின. வாயையும் அடியையும் அறுத்து, கூரைக்குக் கான்கிரீட் ஊற்றும் முன் வரிசையாகப் பதித்தார்கள். பானை நின்ற இடமெல்லாம் வட்டத் துளைகளாகி, வெளிச்சமும் காற்றும் வரும் வழிகளாயின.

இந்தப் பள்ளிக்கு 2004-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அவர் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான். 120 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளியில் பின்னர் 700 பேர் படிக்கும் நிலை வந்தது. அதைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முன்பெல்லாம் காண்டோ இளைஞர்கள் பிழைப்புக்காகக் கானா கடற்கரை நகரங்களுக்குப் போய்க் கடின உழைப்பில் சிக்கிக்கொள்வார்கள். பள்ளி வேலையில் கொத்துவேலையும் வெல்டிங்கும் பழகியவர்கள் இப்போது நாட்டுக்குள்ளேயே கூலி வாங்கும் தொழிலாளிகள். கட்டடக்கலைஞர் பெர்லினுக்கு விமானம் ஏறினாலும் தொழில் அவர்கள் கையில் இருக்கிறது.

எல்லா ஊரிலும் ஒரே சரக்கைப் போடுபவரும் அல்லர் அவர். 2016-ல் குதுகு நகரத்தில் கட்டிய லிசே ஷோர்ஜ் பள்ளிக்கு, பக்கத்துக் குவாரியில் வெட்டிய செம்புரைக்கல்லை எடுத்துக்கொண்டார். மண்ணிலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும் கல் அது. ஊருக்கு ஊர் எந்தக் கல், யாருக்கு அதில் கைப்பழக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் வரையத் தொடங்குகிறார்.

துணியை வெட்டத் தயங்கிய தையல்காரர்

புர்க்கினாவுக்கு மேற்கே மாலி. அங்கே கதை ஒரு துணியைச் சுற்றி நடக்கிறது, அது அவ்வளவு நேரானதும் அல்ல.

போகோலான் என்ற அந்தத் துணியைச் செய்வது பொறுமையின் வேலை. ஆண்கள் ஒல்லியான பருத்திப் பட்டைகளாக நெய்து, ஓரம் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்கள். பெண்கள் அதை ந்கல்லமா மரத்தின் இலைக் கஷாயத்தில் நனைப்பார்கள். துணி மஞ்சளாகும். ந்கல்லமா நம் கடுக்காய் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடுக்காயைப் போலவே துவர்ப்புச் சத்து நிறைந்தது. குளத்திலிருந்து எடுத்து நாள்பட ஊறவைத்த சேற்றால் அந்த மஞ்சள் துணிமேல் வரைவார்கள். சேற்றிலுள்ள இரும்பு, இலையின் துவர்ப்போடு சேர்ந்து நூலிலேயே கருப்பாகப் பிடித்துக்கொள்ளும். அலசிக் காயவைத்துத் திரும்பவும் இலை, திரும்பவும் சேறு. முடிவில், சேறு படாத மஞ்சளை வெளுத்து எடுத்தால் கருப்பில் வெள்ளைக் கோலம் துலங்கும். கோலத்தைச் சேற்றால் வரைவதில்லை. கோலத்தைச் சுற்றியுள்ள இடத்தைத்தான் சேற்றால் நிரப்புகிறார்கள். கடுக்காய்ப் பாலில் தோய்த்த துணியில் இரும்பும் வெல்லமும் புளித்த கரைசலால் கருங்கோடு இழுக்கும் நம் கலம்காரிக்காரர்களுக்கு இந்த ரசாயனத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேட்டைக்காரர்களின் சட்டையாகவும், பிள்ளை பெற்ற பெண்களும் சடங்கு கண்ட பெண்களும் உடுத்தும் காப்பாகவும் இருந்த துணி இது. ஒவ்வொரு கோலத்துக்கும் ஊரில் பேரும் பொருளும் உண்டு.

அந்தத் துணியைக் கையில் எடுத்த தையல்காரர், மாலியின் கதி என்ற சிற்றூரில் 1949-ல் பிறந்த செய்து தும்பியா. அவருடைய தாய் எம்ப்ராய்டரி வேலை செய்தவர். மகன் தையல் பழகி, வாகடூகு, அபிஜான் என்று நகர்ந்து, 1970-களின் தொடக்கத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். தான் மதித்த ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோரின் நினைவாக கிறிஸ் செய்து என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பாரிஸ் நாட்களில்தான் போகோலானைக் கையில் எடுத்தார். எடுத்தாரே தவிர, கத்தரி வைக்க மனம் வரவில்லை. வேட்டைக்காரனுக்கும் தாய்க்கும் காப்பான துணியை வெட்டுவது அவருக்கு எளிதாக இல்லை.

தயக்கம் தீர்ந்த பிறகு தொழில் சிக்கல் நின்றது. ஊர்ப் பெண் வரையும் ஒரு துணியில் பல கோலங்கள் இருக்கும், ஒரு மூலையில் இருப்பது இன்னொரு மூலையில் இருக்காது. அப்படியே போர்த்திக்கொள்ள அது அழகு. கை, முதுகு, கழுத்துப்பட்டி என்று துண்டு துண்டாக வெட்டிக் கோட் தைக்கும்போது எதுவும் எதோடும் சேராது. ஒரே கோலத்தைத் துணி முழுவதும் வரையச் சொல்லி வாங்குவதுதான் கிறிஸ் செய்து கண்ட வழி. அதிலிருந்துதான் பாரிஸ் பாணி ஜாக்கெட்டும் குட்டைப் பாவாடையும் பிறந்தன. 1990-ல் பமாகோவுக்கே திரும்பி வந்து, உள்நாட்டு ஆலையோடு சேர்ந்து போகோலான் கோலங்களை அச்சுத் துணியிலும் கொண்டுவந்தார். நாட்டுப்புறத்தான் துணி என்று நகரத்தார் ஒதுக்கியது, மாலிக்காரர்கள் பெருமையோடு உடுத்துவதாக மாறியது. 1994-ல், 44 வயதிலேயே கிறிஸ் செய்து இறந்துவிட்டார்.

இங்கேதான் காண்டோவுக்கும் பமாகோவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். காண்டோவில் சிக்கலைத் தீர்த்த கூரை, ஊராரின் வேலையைக் கூட்டியது. பமாகோவில் ஒரே கோலம் என்ற தீர்வு, கூடவே வேறொரு கதவையும் திறந்துவிட்டது. கோலம் ஒன்றே போதும் என்றால் அச்சுத்தாள் வெட்டி வைத்துத் தேய்க்கலாம், சுற்றுலாப் பயணிக்கு விற்கலாம். நகரத்து இளைஞர்கள் கூட்டமாக இந்த வேலைக்கு வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்களிடம் இருந்த கைத்தொழில் நகரத்தில் ஆண்களின் தொழிலானது. பெரிய ஆலைகள் எங்கோ ஒரு நாட்டில் அந்தக் கோலங்களை அச்சடித்துத் தலையணை உறையாக விற்கின்றன. மாலியின் பெலெதுகு வட்டாரத்தில் உட்கார்ந்து வரையும் கிழவிக்கு அதில் ஒரு காசும் வராது. செய்துவின் மீது பழி போடுவதற்கு இல்லை. துணிக்கு மரியாதை தேடித் தந்தவர் அவர். ஆனால் வடிவமைப்பாளர் செய்யும் ஒரு சின்ன மாற்றம் யாருடைய கூலியை எந்தப் பக்கம் நகர்த்தும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டிய கடமை, திரும்பி வரும் எல்லோருக்கும் உண்டு.

அதே பமாகோவில் இன்னொரு வழியும் இருந்தது. தேசியக் கலைக்கழகத்தில் படித்த ஆறு கலைஞர்கள் 1978-ல் கசோபானே என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். ஐரோப்பிய ஓவியப் பாடங்களைப் படித்துவிட்டு, கிராமங்களுக்குப் போய் மூதாட்டிகளிடம் இலையையும் சேற்றையும் கற்றார்கள். எந்த ஓவியத்திலும் தனியாள் கையெழுத்து கிடையாது, குழுவின் பெயர் மட்டுமே. அவர்களில் ஒருவரான கந்தியூரா குலிபாலி, ஷேக் உமர் சிசோகோ இயக்கிய ‘கிம்பா’ படத்துக்கு ஆடை வடிவமைத்தார். 1995-ல் வாகடூகுவின் ஃபெஸ்பாக்கோ திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கிய படம் அது.

இன்னொருவர் புபக்கர் தும்பியா. நைஜர் ஆற்றங்கரை நகரமான செகூவுக்குப் போய், ந்தோமோ என்ற பட்டறையைத் தொடங்கினார். படிப்பை விட்ட, வேலை கிடைக்காத இளைஞர்களைச் சேர்த்து, நெசவிலிருந்து சாயம், சேற்று வரைவு வரை கற்றுக்கொடுத்தார். அவர்கள் தனியே தொழில் தொடங்கும் அளவுக்குத் தயாராக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இந்த முயற்சிக்காக 2012–13க்கான பெல்ஜியத்தின் பொதுவாங் மன்னர் விருது அவருக்குக் கிடைத்தது. விருது வந்த நேரத்தில் மாலியில் போர் மூண்டிருந்தது. சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது. பயணிகளை நம்பியிருந்த கடைகள் தவித்தன. உள்ளூரிலும் வாங்குவோரைத் தேடி வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை அந்த ஆண்டுகள் கசப்பாகக் காட்டின.

ஒரு சாண் தறி

செனகலின் ஆயிஸ்ஸா தியோனின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தந்தை செனகல்காரர், தாய் பிரெஞ்சுக்காரர். ஓவியராகத் தொடங்கியவர், தந்தையின் நாட்டில் மஞ்சாக் நெசவாளர்களைக் கண்டு அங்கேயே வேர்விட்டார். மஞ்சாக் தறியில் நெசவாளி ஒருவர் உட்கார்ந்து நாடா ஓட்ட, எதிரே உதவியாள் விழுதுகளைத் தூக்கிக் கோலம் எடுத்துக் கொடுப்பார். சிக்கலான கோலங்களை இந்த இரண்டு பேரும் மனப்பாடமாக நெய்வார்கள். ஆனால் தறியிலிருந்து வருவது ஒரு சாண் அகலம்கூட இல்லாத பட்டை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போர்த்துவதற்குப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்தால் போதும். சோபாவுக்கு உறை தைப்பவர் அதை வாங்கமாட்டார்.

நெசவாளர்களோடு உட்கார்ந்து தியோன் தறியை அகலப்படுத்தினார். கோலம் எடுக்கும் வித்தையில் கை வைக்கவில்லை. அகலம் கூடியதும் பாரிஸ், நியூயார்க் உள்ளலங்கார நிபுணர்களிடமிருந்து ஆர்டர்கள் வந்தன. எர்மேஸ் போன்ற ஆடம்பரப் பொருள் நிறுவனங்களும் வாங்கின. பழைய தறியில் இரண்டு பேர் செய்த வேலைக்கு அகலத் தறியிலும் ஆள் தேவைப்படுகிறது. மாற்றம் வேலையைப் பறிக்கவில்லை என்பதால் இதை நல்ல மாற்றம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனாலும் தியோன் பல ஆண்டுகளாகப் பேசிவரும் ஒரு சங்கடம் தீரவில்லை. மேற்கு ஆப்பிரிக்கா பருத்தி விளையும் பூமி. மாலி, புர்க்கினா ஃபாசோ, பெனின் மூன்றும் கண்டத்தின் பெரிய பருத்தி நாடுகளில் அடங்கும். விளைவதில் மிகப் பெரும்பகுதி பஞ்சுப் பொதியாகவே கப்பலேறிவிடுகிறது. நூற்பாலைகள் பல மூடிக்கிடக்கின்றன. தறி இருக்கிறது, நெசவாளி இருக்கிறார், ஆர்டர் இருக்கிறது, நல்ல நூல் கிடைப்பதுதான் பாடு. இதைத் தீர்க்க ஒரு வடிவமைப்பாளரால் முடியாது. நூற்பாலைக்கு மூலதனமும் மின்சாரமும் அரசின் கொள்கையும் வேண்டும். கைவினைஞரோடு வேலை செய்யும் கலைஞர் எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்த மூலப்பொருள் கணக்குதான்.

அந்தப் பொதிகளில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கும் வருகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் ஆப்பிரிக்கப் பஞ்சை வாங்கி நூற்கும் ஆலைகள் நம் மாவட்டங்களில் உண்டு.